மருந்தில்லாத தோட்டா

குற்றமெல்லாம் துப்பாக்கியின் மேல்தான் என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருந்தார்கள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

போன வருடம் லாரியிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய எருமைக்கடா ஒன்று சந்தைக்குள் புகுந்து இரண்டு பேரை முட்டிச் சாய்த்தது. சுடச் சொல்லி உத்தரவு. ஆயுதப்படைக் காவலனான என் கையில் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரைபிள். நான் சுட்ட குண்டு கடாவின் வயிற்றுக்குக் கீழே புகுந்து, பின்னால் மட்டி வாழைப்பழக் கடை போட்டிருந்த ஸ்டெனியின் முழங்காலைப் பிளந்தது. காலை எடுத்துவிட்டார்கள்.

ஸ்டெனி எங்கள் சபைக்காரன். ஆஸ்பத்திரிக்குப் போன என்னை அவன்தான் தேற்றினான். "ஞானசிங் அண்ணே, நீரு என்ன செய்வேரு? துருப்புடிச்ச துப்பாக்கியல்லா தந்து விட்டிருக்கானுவ." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருடமும் தூங்கினேன்.

இந்த வருடச் சுடும் பயிற்சியில் அதே ரைபிளை என்னிடம் நீட்டினார்கள். பிரித்துப் பார்த்ததில் குறை ஒன்றும் இல்லையாம். பார்த்தவனுக்கு என்ன தெரியும் என்று எனக்கு எரிச்சல். படுத்துக்கொண்டு ஐந்து சுட்டேன். ஐந்தும் குறி அட்டையின் அடியில்.

"பாத்தியளா மேடம்? சனியன் கீழதான் போவுது" என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பயிற்சி தரும் ஏட்டு பெமிலா என் பக்கத்தில் படுத்து, அதே ரைபிளில் மூன்று சுட்டாள். மூன்றும் நடுவில். உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"அண்ணே, கட்டையத் தோள்குழியில நல்லா அமுக்கிப் பிடியுங்க. கன்னத்த எடுக்காதிங்க. பாதி மூச்ச விட்டுட்டு விசைய மெதுவா இழுங்க. துப்பாக்கி உதைக்கும்னு பயந்துறாதிங்க, குண்டு போன பொறவுதான் அது தெரியும்."

அவளே தோட்டாவை ஏற்றி, போல்ட்டை அடைத்துத் தந்தாள். குறி பார்த்தேன். எப்போதும்போல உதட்டுக்குள் "கர்த்தாவே" என்றேன். விசையை இழுத்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனால் குழல் மட்டும் மண்ணைப் பார்த்துக் குனிந்திருந்தது. அவள் ஏற்றியிருந்தது மருந்தில்லாத தோட்டா.

"துப்பாக்கி இல்ல அண்ணே, நீங்கதான் கீழ அமுக்குகிய. கண்ணயும் அடைச்சிட்டிய. ஏன்?"

பதில் எனக்குத் தெரியும். போல்ட்டை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ளினேன். மூன்று வயதில் ஞாயிறு பள்ளியில் பழகியது அது. ஜெபம் என்று வாய் திறந்தாலே கண் தானாக மூடிக்கொள்ளும். சந்தையிலும் ஜெபித்துவிட்டுத்தான் சுட்டேன். யார் மேலும் பட்டுவிடக் கூடாது என்றுதான் ஜெபித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். வாசலில் ஸ்டெனி என் கையைப் பிடித்து, "உமக்காகவும் ஜெபிக்கேன் அண்ணே" என்றான். முடிந்ததும் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

"கண்களை மூடுவோம்" என்றார் போதகர். நான் மூடவில்லை. மூன்று வரிசைக்கு முன்னால், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்டெனி கண்ணை இறுக மூடியிருந்தான். அந்த ஜெபத்தில் நானும் இருந்திருப்பேன்.

ஆமென் என்றதும் அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.