மோர்ப் பந்தலில் அம்சா

திண்டிவனத்தில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில் மோர்ப் பந்தல் திறப்பு. முதலாளி சீனுவாசன் வெள்ளை வேட்டியில் நின்று, வெயிலில் வருகிறவர்களின் தாகம் தீர்ப்பதைவிடப் பெரிய புண்ணியம் கிடையாது என்று பேசிக்கொண்டிருந்தார். புடவைப் பிரிவில் வேலை செய்யும் நாங்கள் பின்னால் வரிசையாக நின்று கைதட்டினோம். காலையிலிருந்து எங்களில் ஒருத்தியும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

குடித்தால் எங்கே போவது? கடையில் இருப்பது ஒரே கழிவறை. அதன் சாவி முதலாளியின் சட்டைப்பையில். எங்களுக்கு பஸ் ஸ்டாண்டு கழிப்பிடம்தான். போய்வரக் கொஞ்சம் தாமதமானால் கஸ்டமர் முன்னாலேயே கேவலமாகப் பேசுவார். கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தரச் சட்டம் வந்துவிட்டதே என்று ஸ்டூல் போட்டார், உட்கார்ந்தால் முறைப்பார். இந்த லட்சணத்தில் புண்ணியம் ஒரு கேடு.

தாகத்தை அடக்க எல்லோரும் பழகிவிட்டோம். அம்சாவின் உடம்புதான் பழகவில்லை. போன மாதம் இடுப்பு வலியில் சுருண்டு விழுந்தவளை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஸ்கேனில் கல் தெரிந்தது.

"தண்ணி உள்ள வரலன்னா கிட்னி என்னம்மா பண்ணும்?" என்றார் டாக்டரம்மா. "இருக்கிற தண்ணிய திருப்பி ரத்தத்துக்கே அனுப்பிடும். கழிவு மட்டும் கெட்டியா வெளிய வரும். அதான் ஒண்ணுக்கு டிகாஷன் கணக்கா போவுது, கல்லாவும் கட்டிக்கினு நிக்குது. இப்படியே இருந்தா கிட்னியே போயிடும்."

எனக்கு அந்த உறுப்பின் மேல் மரியாதை வந்தது. கைப்பிடி அளவு சதை. தண்ணீர் மிஞ்சினால் வெளியே விடுகிறது, குறைந்தால் பிடித்து வைக்கிறது. உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. மூன்று மாடிக் கடை வைத்திருக்கும் ஆளுக்குத் தெரியவில்லை.

பேச்சு முடிந்ததும், கடைப் பெண் ஒருத்தி குடிப்பதுபோல் படம் வேண்டும் என்றார் போட்டோக்காரர். முதலாளி சிரித்த முகமாக அம்சாவிடம் டம்ளரை நீட்டினார். "குடிம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். படம் எடுத்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. தானே பானையிலிருந்து மொண்டு இன்னொன்று குடித்தாள். அதற்கு மேலும் ஒன்று. முதலாளியின் முகத்தில் அசடு வழிந்தது.

"போதும்மா. ஜல்தி உள்ள போ, கஸ்டமர் வந்துக்கினு இருக்காங்க."

"போறேன் மொதலாளி," என்று அம்சா கையை நீட்டினாள். "இவ்ளோ குடிச்சா பாத்ரூம் வருமில்ல. சாவிய குடுங்க."

திறப்புக்கு வந்திருந்த வியாபாரிகள் சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளியின் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. நான் வரிசையை விட்டு வந்து ஒரு டம்ளரை எடுத்தேன். என் பின்னாலேயே, வரிசையில் பக்கத்தில் நின்ற பாஞ்சாலியும் வந்தாள். பானையில் மோர் இறங்கிக்கொண்டே இருந்தது. அம்சா நீட்டிய கையை மடக்கவில்லை.