தண்ணி ட்யூபில் ஒரு கோடு

பல்லடத்துக் கோழிப்பண்ணை நோயை வைத்து, மாணவர்கள் கம்ப்யூட்டரிலேயே டிஎன்ஏ சோதனை செய்து பழகும் பாடத்தை ஆறு மாதம் உட்கார்ந்து உருவாக்கியவள் சஃபியா. அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் துறைத் தலைவர் மதன்குமார். மனசுக்குள் அவரைப் பதினேழு முறை பழிவாங்கியிருந்தாள். நேரில் வாயே திறந்ததில்லை.

கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வந்த அன்று அவர் லேபில் திரையைக் காட்டினார். "கோடு வந்தா நோய்ங்க. பாருங்க, அத்தனை கோழிக்கும் கோடு!"

குழுவிலிருந்த அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஏனுங்க, வெறும் தண்ணி ஊத்துன ட்யூப்லயும் கோடு இருக்குதுங்களே? தண்ணிக்கும் காய்ச்சலுங்களா?"

மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று சஃபியா வைத்த பொறி அது. தண்ணீரிலேயே கோடு வந்தால் எங்கோ கலப்படம். மொத்தச் சோதனையும் செல்லாது. எடுத்துக்கொண்டவர் பாடத்தைப் படித்துப் பார்க்கவில்லை.

"சஃபியா மேடம், கொஞ்சம் சொல்லுங்க..."

"உங்க பாடமுங்க சார். நான் என்னத்தச் சொல்றதுங்க?"

அவருக்கு வியர்த்து ஊற்றியது. அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. அந்த இரக்கத்தை ஒரு நிமிஷம் வெளியே நிற்கச் சொன்னாள்.

"இந்தப் பாடம்... மேடம் செஞ்சதுங்க," என்று முனகினார் மதன்குமார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சஃபியா எழுந்தாள். "சத்தமா சொல்லுங்க சார். பின்வரிசைக்குக் கேக்கலீங்க."