துப்பிய மாத்திரை

மலேசியாவில் கம்போங் ராஜா ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டும் கிரகரிக்கு, ஞாயிறு பூசை நடுவிலேயே நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் ஈப்போ ஆஸ்பத்திரியில் தொடை வழியாக ஒயரை விட்டு, இருதயத்துக்குள் சூடு வைத்து அடக்கிய அதே சனியன். தொலைந்தது என்றுதான் நம்பியிருந்தார். திரும்பி வந்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்? இரண்டு வருடம் தொந்தரவே இல்லாமல் போனதும், சுகம் கிடைத்ததற்கு மாதாவுக்கு வெள்ளி இருதயம் காணிக்கை வைத்து, கோயில் மைக்கில் சாட்சி சொன்ன பெரிய மனிதர் ஆயிற்றே!

புதன்கிழமை வளைவில் லோரியைத் திருப்பும்போது கண் இருட்டியது. நல்ல வேளை, ஓரங்கட்டிவிட்டார். மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்; பக்கத்தில் மனைவி ரீட்டா.

"பழைய வியாதிதான் திரும்பியிருக்கு, அங்கிள். இவ்வளவு வருசம் கழிச்சும் சில பேருக்கு வரும்" என்றார் டாக்டர் கோகிலன். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்தாங்களே, தவறாம போடுறீங்களா?"

ரீட்டா முந்திக்கொண்டாள். "ஒரு நாள் விட்டதில்ல லா, டாக்டர். தினம் நானே கையில கொடுப்பேன். முழுங்குற வரைக்கும் நகர மாட்டேன்."

"அப்ப பயமில்ல. தூங்க வச்சு நெஞ்சுல கரண்ட் கொடுத்தா துடிப்பு சரியாயிடும். மாத்திரை போடாதவங்களுக்குத்தான் ஆபத்து. இருதயத்துக்குள்ள ரத்தக் கட்டி இருந்தா, கரண்ட் கொடுத்ததும் அது நேரா மூளைக்குப் போயிடும்."

காணிக்கை வைத்த பிறகும் மாத்திரை விழுங்கினால் மாதாவைச் சந்தேகப்பட்டது போல ஆகும் என்பது கிரகரியின் கணக்கு. இரண்டு வருடமாக நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, தேயிலைச் செடியில் துப்பிவந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்த வீரத்தை இப்போது ரீட்டாவின் முன்னால் எப்படிச் சொல்வது? அவளோ அவர் கையைத் தடவிக்கொண்டு பெருமையாக நின்றாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிரே போகலாம், இல்லை கை கால் விழுந்து கிடக்கலாம். அப்போதும் யோசித்தார், பாவி மனுசன்.

நர்ஸ் கரண்ட் இயந்திரத்தின் பட்டையை நெஞ்சில் ஒட்டினாள். தூக்க ஊசியை எடுத்தாள். ஊசி முனை அருகில் வந்தது.

"வேணாம்! போடாதீங்க!" கிரகரி நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் மாத்திரை போடல, டாக்டர். ரெண்டு வருசமா துப்பிட்டேன்."

டாக்டர் சட்டென்று இயந்திரத்தை அணைத்தார். "இப்பவாவது சொன்னீங்களே. முதல்ல உள்ள கட்டி இருக்கான்னு ஸ்கேன்ல பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

கிரகரி மெல்லத் திரும்பிப் பார்த்தார். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தார். ரீட்டா அவர் கையை விட்டுவிட்டு, தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தாள்.

"டாக்டர் உங்களத்தான கேட்டாரு? நான்தான பதில் சொன்னேன். என் வாயாலயே உங்களக் கொல்ல விட்டிருப்பீங்களே, என்னங்க?"