முள் எழுந்தால் சொல்லு

"நாப்பது, டாடி. ஜம்முனு நாப்பதுல நிக்குது" என்று பொய் சொன்னான் க்ளென். சொன்னபோது அவன் முதுகு பழைய பத்மினி காரின் தரையிலும், மூக்கு ஸ்டீயரிங் தண்டுக்கு அடியிலும், கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே பெங்களூரு காக்ஸ் டவுனின் காலை வெயிலிலும் கிடந்தன. அந்தக் கோலத்தில் உண்மை பேசுவது யாருக்கும் கஷ்டம்தான்.

தலைக்கு மேல், புதிதாகப் பூட்டிய இரண்டு வட்ட மீட்டர்கள். ஒன்று ஆயில் பிரஷருக்கு, மற்றது இன்ஜின் தண்ணீரின் சூட்டுக்கு. அரை நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்திருந்தான். அந்த அரை நிமிடமும் ஆயில் முள் சைபரை விட்டு அசையவில்லை.

போன் அவன் நெஞ்சின் மேல் இருந்தது. மறுமுனையில் அப்பா ஓஸ்வால்ட், பன்னிரண்டடி தள்ளி, முன்னறைக் கட்டிலில். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் குடுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஆறு நாள் ஆகிறது. சாப்பாட்டில் அவருக்குப் பிடித்தது எதுவும் மிச்சமில்லை. இந்த மீட்டர்கள்தான் இருந்தன. குரல் வாசல்வரை எட்டாததால் பன்னிரண்டடிப் பேச்சு எந்த டவருக்கோ போய்ச் சுற்றிவிட்டு வந்தது.

"நாப்பதா?" மூச்சு இழுத்தது. "ஏன்டா, ராத்திரி பூரா ஆறிக் கெடந்த இன்ஜின். ஸ்டார்ட் பண்ணதும் அறுபது வரணும். சாவப் போறவன்கிட்ட பொய் சொல்றதா இருந்தா, கொஞ்சம் படிச்சிட்டு வந்து சொல்லு."

"பேசாதீங்க, மூச்சு வாங்குது" என்றது மம்மி ஐரினின் குரல். அவள்தான் போனை அவர் காதில் பிடித்திருந்தாள்.

"சைபர், டாடி."

"அதானே பாத்தேன்." குரலில் திருப்தி.

ஓஸ்வால்ட் முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் வாரியத்தில் பைப்போடு குடித்தனம் நடத்தியவர். மரை கண்ட இடத்தில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாமல் நகரமாட்டார். மூன்று மாதம் முன்னால் இன்ஜினில் ஆயில் சென்சாரைப் பூட்டியபோதும் சுற்றினார். அப்புறம் படுத்துவிட்டார். அந்தச் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். இரும்பு இரும்பைத் தொட வேண்டும்; நடுவில் டேப் இருந்தால் கரண்ட் போகாது, முள் எழாது. க்ளென் இதை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டேப்பை எடுத்துடட்டுமா?"

"நான் பூட்டுன ஜாயின்ட் ஒண்ணாவது ஒழுகியிருக்காடா?"

"ஒழுகல டாடி. கரண்டும் ஒழுகல. அதான் பேஜாரு."

போனில் மம்மியின் வளையல் உரசியது. பிறகு, "சரி, எடு."

க்ளெனின் முப்பத்தோரு வயதில் அவர் அவனிடம் விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. அவனுக்குச் சந்தோஷமாக இல்லை. இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமே என்று இருந்தது.

"முள்ளு எழுந்தா சொல்லு. எவ்ளோன்னு கரெக்டா சொல்லு."

பானெட்டைத் திறந்து, போனை பேட்டரி மேல் வைத்துவிட்டு ஸ்பேனரைப் போட்டான். சென்சார் விரல் முட்டியைத் தோலுரித்துவிட்டுத்தான் கழன்று வந்தது. ஆயில் முழங்கைவரை வழிந்தது. ஏழு சுற்று டேப். நகத்தால் பிரித்தான். போனில் அப்பாவின் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் சுற்றைப் பிரிக்க இரண்டு மூச்சு ஆனது. கடைசியில், ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இரண்டு சுற்று பிரிந்தது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பப் பூட்டி, ஒயரை மாட்டி, போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினான். மூன்றாவது தடவை பிடித்தது. முள் நடுங்கியது. இருபது. நாற்பது. அறுபதில் போய் நின்றது.

"டாடி! அறுபது! சத்தியமா அறுபது!"

முன்னறைக்குப் போன இன்ஜின் சத்தம்தான் போன் வழியாகத் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மம்மி செருப்பில்லாமல் வெளியே வந்தாள். அழவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"கேட்டாரா மம்மி?"

"தெரியலடா."

"உயிர் போனது ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"நான் அவர் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன்."

இன்ஜினை அணைக்க அவன் கை சாவிக்குப் போனது.

"இரு. எந்த முள்ளு?"

காட்டினான். கண்ணாடி போடாமல் வந்திருந்ததால் மீட்டரில் மூக்கு இடிக்கும்வரை குனிந்து பார்த்தாள்.

"அறுபதுதானே?" என்றாள்.

"அறுபது."

"இன்னொண்ணு ஏன் படுத்தே கெடக்கு?"

"அது தண்ணி சூடானாத்தான் எழும், மம்மி. பத்து நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும்."

அவள் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தவில்லை. திறந்து, இன்னொரு தடவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.