மிலுதின் உடம்பில் எரிந்த சிவப்பு விளக்குகள்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். அந்த இரண்டு பித்தளைக் குழாய்களை நானும் பிடித்தேன்.

எங்கள் ஊர் சோம்போரின் ஓய்வூதியர் சங்கம் போன அக்டோபரில் வெந்நீரூற்றுக்குப் பேருந்து விட்டது. பயணம் இலவசம், பீன்ஸ் சூப் இலவசம், சூப்புக்கும் குளியலுக்கும் நடுவே 'முழு உடல் பரிசோதனை'யும் இலவசம். வலக்கையில் ஒரு குழாய், இடக்கையில் ஒன்று. மூன்றே நிமிடம். திரையில் என் கல்லீரல் மஞ்சளாக மினுங்கியது. வெள்ளைக் கோட்டு போட்ட ராஸ்த்கோ உச்சுக் கொட்டினான். முந்தைய வருடம் இதே சங்கத்தில் வாக்குவம் கிளீனர் விற்றவன் அவன். அது தெரிந்தும் அவன் விற்ற சத்து எண்ணெயில் இரண்டு புட்டி வாங்கினேன்.

ஆகவே மேலே உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கிண்டலாக நாலு பக்கம் எழுதித் தப்பித்துவிடலாம் என்றிருந்தேன். மார்ச்சில் கீழ்வீட்டு மிலுதின் மாடிப்படியில் விழுந்தார். அதோடு கிண்டல் போயிற்று.

2.

முதல் வரி, முதல் முயற்சி: "அறியாமை என்பது ஒரு—" இல்லை. மிலுதின் விவரம் தெரிந்தவர்.

இரண்டாம் முயற்சி: "பொன்னிற இலைகள் உதிர்ந்த ஓர் இலையுதிர்கால மாலையில், முதியவர் ஒருவர்—"

இதை என் தோளுக்குப் பின்னால் நின்று தெசாங்கா படித்துவிட்டாள். மிலுதினின் மனைவி. சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பொத்தான் துளை தைத்தவள். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை.

"இலை உதிர்ந்தத எவ கேட்டா? எம் புருஷனுக்குக் கிட்னி போயிட்டிருக்கு, அத எழுது."

மூன்றாம் முயற்சி: "மிலுதின் முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் சிக்னல்காரர். சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு வண்டியையும் அவர் விட்டதில்லை."

இது இருக்கட்டும். ஏனென்றால் ராஸ்த்கோவின் திரையில் மிலுதினின் உருவத்தில் பதினொரு சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. "வைட்டமின் டி சுத்தமா இல்ல பெரியவரே" என்றான். சிவப்பைக் கண்டால் சிக்னல்காரர் விவாதம் செய்யமாட்டார். டாக்டரைப் பார்க்கவில்லை, ரத்தம் கொடுக்கவில்லை. வைட்டமின் எண்ணெய்ப் புட்டிகளோடு பேருந்தில் ஏறிவிட்டார்.

3.

புட்டியில் தினம் நான்கு சொட்டு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடி இல்லாததால் மிலுதினால் படிக்க முடியவில்லை.

[பொய். கண்ணாடி போட்டுத்தான் படித்தார். நான்கு சொட்டு குழந்தைக்கு என்று அவரே முடிவு கட்டினார். அவரை அப்பாவியாக்கினால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிட்டேன்.]

எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஒரு ஸ்பூன் பழப்பாகு, ஒரு கிளாஸ் தண்ணீர், அப்புறம்தான் காப்பி. மிலுதின் அந்தப் பாகின் மேல் வைட்டமின் எண்ணெயை ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடுவது மரியாதையில்லை என்பதால், வருகிற ஒவ்வொருவரோடும் தானும் ஒரு ஸ்பூன். டிசம்பரில் அவர்கள் குடும்பப் புனிதரின் நாள் வந்தது. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, எல்லாரும் வருவார்கள். அந்த வருடம் பத்தொன்பது பேர் வந்தோம்.

(எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான். ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பது ஸ்பூனும் போனது மிலுதினின் ஒரே வயிற்றுக்கு. அதன் பிறகும் வீட்டுக்கு ஆள் வருவது நிற்கவில்லை.)

4.

ஜனவரியில் அவருக்குத் தாகம் எடுத்தது. தலைமாட்டில் ஒரு ஜாடித் தண்ணீர் போதவில்லை. பிறகு மலச்சிக்கல், வாந்தி. ஒருநாள் மகளின் பெயர் நினைவுக்கு வரவில்லை. "சத்து இன்னும் ஏறல" என்று ஸ்பூனைக் கூட்டினார். எதனால் வந்ததோ அதையே மருந்தாக விழுங்கினார்.

மார்ச்சில் விழுந்தபோதுதான் யாரோ அவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி மிஞ்சியதில் கால்சியம் எகிறியிருந்தது, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. பன்னிரண்டு நாள் டிரிப். "இனி ஒரு சொட்டு உள்ள போனாலும் டயாலிசிஸ்ல போய் நிக்கும்" என்று டாக்டரம்மா தெசாங்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வீடு திரும்பிய மூன்றாம் வாரம், அலமாரியில் இருந்த அவருடைய பழைய கைவிளக்கைத் துடைக்க எடுத்தாள் தெசாங்கா. கனமாக இருந்தது. உள்ளே புதுப் புட்டி, பாதி காலி. அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனிதரைப் புதைக்க நான் தயாராக இல்லை என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

5.

இந்த இடத்தில் ஒரு பிரமாதமான காட்சி எழுதினேன். சங்கக் கூடத்தில் தெசாங்கா அந்தக் குழாய்களை ஒரு முட்டைக்கோசில் செருகுகிறாள். கோசுக்குக் கல்லீரல் சோர்வு, வைட்டமின் டி குறைவு, மூட்டுத் தேய்மானம். கூடமே சிரிக்கிறது, ராஸ்த்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், மிலுதின் கண்களில் ஒரு தெளி—

அடித்துவிட்டேன். தெசாங்காவிடம் படித்துக் காட்டியதுதான் தப்பு.

"அத்தன பேர் முன்னாடி எம் புருஷன முட்டாளாக்கினா, வீம்புக்கே இன்னொரு புட்டி வாங்குவான். நீ கதைய முடிச்சிட்டுத் தூங்கப் போயிருவ. அவனோட இருக்கப்போறது நானு."

6.

ஆகவே நடந்தது இதுதான். காலை, சமையலறை. புட்டியை மேசை நடுவில் வைத்தாள்.

"இது என்ன மனுஷா?"

மிலுதின் ஜன்னலைப் பார்த்தார். "சிவப்பு இன்னும் எரியுது தெசா. போன வாரம்கூடச் சங்கத்துல அந்தக் குழாயப் புடிச்சுப் பார்த்தேன். ஏழு புள்ளி."

"எரியட்டும். ஸ்டேஷன்ல சிவப்பு எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"தண்டவாளத்துல வண்டி நிக்குது. கம்பி வழியா சேதி வரும்."

"கம்பி அறுந்து போச்சுன்னா?"

"அப்பவும் சிவப்புதான். அப்படித்தான் செஞ்சு வச்சிருப்பாங்க."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"ஆள அனுப்பித் தண்டவாளத்தப் பார்க்கச் சொல்லுவேன்."

"உன் தண்டவாளத்த எவன் பார்த்தான்? அந்தப் பெட்டிக் கம்பி எங்க போகுது? ஒரு துளி ரத்தத்தத் தொட்டுச்சா?"

முப்பத்து நான்கு வருடம் சிக்னல் பார்த்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்று மிலுதினுக்குத் தெரிந்தது. காப்பி ஆறியது.

"திங்கக்கிழம ஏழு மணிக்கு சுகாதார நிலையம், ரத்தப் பரிசோதனை. வெறும் வயிறு, காப்பி கிடையாது. நடந்து வந்தா மரியாதை, இல்லன்னா இழுத்துட்டுப் போவேன்."

"நம்பர் மோசமா வந்தா?"

"வரட்டும். அது உன் நம்பரா இருக்கும். அதுக்கு மேல என்ன செய்யணுமோ நான் பார்த்துக்கறேன்."

புட்டியை எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

7.

திங்கட்கிழமை. அவர் நடந்துதான் வந்தார். ரத்தம் எடுத்தாயிற்று, முடிவு நண்பகலில். பெஞ்சில் மூன்று பேர் இருக்கிறோம். என் இரண்டு புட்டிகளும் என் கைப்பையில் இருக்கின்றன. நானும் சட்டைக்கையை மடித்து ஊசிக்குக் கொடுத்துவிட்டேன்.

"எழுத்தம்மா, நல்ல நம்பரா ஒண்ணு போட்டு முடிச்சிரு" என்கிறார் மிலுதின்.

"மோசமானதப் போடு. படிச்சாவது பயப்படட்டும்" என்கிறாள் தெசாங்கா.

இரண்டுமே என்னால் முடியும். சிறுநீரகம் தேறியது என்று எழுதினால் தேறிவிடும், கெட்டது என்றால் கெட்டுவிடும். மூன்று நிமிட வேலை. ஆனால் ரத்தத்தைத் தொடாமல் மிலுதினின் உடம்பைப் பற்றி நிச்சயமாகச் சொன்ன ஆள் ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான். இரண்டாவது ஆளாக நான் இருக்க மாட்டேன்.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. தெசாங்கா அவர் கையை விடாமல் பிடித்திருக்கிறாள். பெஞ்சில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது, வந்து உட்காருங்கள்.