முகர்ந்து தீர்ந்த தூள்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்ப்பது அவன் வேலை. கொஞ்ச நாளாக மனைவி, அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். "வீட்டுக் காபி மண்ணாட்டம் இருக்கு" என்றாள். இருவரும் உட்கார்ந்து பேச இருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான். அதை மீட்கத்தான் காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வாங்கப் போனான். துணைக்கு மனைவியின் தம்பி.

"பிளேடு வெச்சது வேணாம் சார்" என்றாள் விற்பனைப் பெண். "பாதி மாவாகும், பாதி நொய்யா நிக்கும். மாவு கசக்கும், நொய் புளிக்கும். இதுல பாருங்க, ரெண்டு பல்சக்கரம். நடுவுல எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு பருமன்லதான் தூள் விழும்."

அவனுக்குப் புரிந்தது, தேவைக்கு மேலேயே. வில்லையை நைசாகத் தேய்த்தால்தானே நல்லது? வீட்டுக்கு வந்ததும், கைப்பிடி வைத்த அந்த இயந்திரத்தில் இடைவெளியைக் குறைக்கும் திருகைக் கடைசிவரை முறுக்கி அரைத்தான். வடிகட்டியில் ஊற்றிய வெந்நீர் இறங்காமல் நின்றது. கடைசியில் கறுப்பாக ஏதோ சொட்டியது.

"மச்சான், இதைக் குடிக்கறதா, பேனாவுல ஊத்தறதா?"

"நைசா அரைச்சா எப்படிடா கெட்டுப்போகும்?"

தண்ணீருக்குப் போக வழி வேண்டும். வழி அடைத்தால் தேங்கி நின்று கசப்பையும் சேர்த்து இழுத்துவிடும். திருகைத் தளர்த்தி, சர்க்கரைப் பருமனுக்கு அரைத்தான். மனைவி குடித்துவிட்டு, "இது காபி" என்றாள். மறுநாள் நேராக வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் மொத்தக் கொட்டையையும் அரைத்து இறுக்கமான டப்பாவில் அடைத்தான். வாரம் முடிவதற்குள் அவள் பாதி டம்ளரைத் தள்ளி வைத்தாள். மறுபடி தாமதம்.

அவனுக்குக் காரணம் புரியவில்லை. தண்ணீரை மாற்றினான், பாலை மாற்றினான். காலையிலும் மாலையிலும் டப்பாவைத் திறந்து ஆழமாக முகர்ந்தான். கடையில் ஒவ்வொரு தேய்ப்புக்கும் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம். மைத்துனனையும் முகரச் சொன்னான்.

"வாசனை இருக்குல்ல?"

"நேத்து இருந்துச்சு மச்சான்."

அப்போதுதான் உள்ளே வந்த மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டப்பாக்குள்ள மூக்கை விட்டு என்ன பண்றீங்க?"

"சோதிக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூக்குக்குள்ள போனது டம்ளருக்கு எப்படிங்க வரும்? ஆபீஸ் எதிர்க்கடையில நான் கேட்டப்புறம்தான் அரைக்கவே ஆரம்பிப்பாங்க."

டப்பாவையே பார்த்தான். எத்தனை முறை பார்த்தாலும் வில்லை தேயாது. சோதிக்கச் சோதிக்கக் குறைகிற பொருளை அவன் கண்டதில்லை. முழுக்கொட்டை வாசனையைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. உடைத்த கணமே அது கிளம்பிவிடுகிறது. மூடியைத் திறக்கத் திறக்க இன்னும் வேகமாக.

"இனிமே நான் வந்தப்புறம் அரைக்கலாம். நானே சுத்தறேன்" என்றாள்.

"கொட்டை தீர்ந்துபோச்சே."

"அப்போ நாளைக்கு என் ஆபீஸ் வாசல்ல வந்து நில்லுங்க. சேர்ந்தே வாங்கிட்டு வரலாம்."

தலையாட்டினான். அவள் இனி நேரத்தோடு வரப்போவது காபிக்கா, கைப்பிடி சுற்றவா, தன்னோடு நடக்கவா? ஒன்றும் பிடிபடவில்லை. யோசனையில் கை மறுபடி டப்பாவைத் திறந்தது. அவள் மூடியைப் பிடுங்கி அழுத்தி மூடினாள்.