குறுக்கே படுத்த மரம்

பூங்கா மேற்பார்வையாளர் என்று பதவிப் பெயர்தான் பெரிது. ஆள்குறைப்புக்குப் பிறகு அவளுக்குக் கீழே மிஞ்சியது ஒரே ஒரு தோட்டக்காரர். ஆடி அசைந்து வரும் அவருக்கு யாரோ 'புயல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை நடைபாதைக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. காற்றில்லை, மழையில்லை. வேர் அழுகி, தன்பாட்டுக்குப் படுத்துவிட்டது.

நகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"மரம் வெட்டுற மெஷின் ஊருக்கே ஒண்ணுதான் மேடம். அதுவும் ரிப்பேர்ல இருக்கு. பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா எப்போ?"

"பார்க்கலாம்னா, பார்க்கலாம்தான்."

தினமும் நடக்க வரும் ரிட்டயர்டு வாத்தியார் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா பூங்கா நடத்துறீங்க? தாண்டிக் குதிக்கிற வயசா எனக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. மண்வெட்டியை எடுத்தாள்.

"மரத்தை மண்வெட்டியாலயா வெட்டப் போறீங்க?" என்றார் புயல்.

"மரம் நகராதுண்ணே. பாதையை நகர்த்துவோம்."

கைரம்பத்தால் சின்னக் கிளைகளைக் கழித்துவிட்டு, மரத்தைச் சுற்றி வளைவாகப் புதுப் பாதை வெட்ட ஆரம்பித்தார்கள். வாத்தியார் இடுப்பில் கைவைத்தபடி பார்த்தார். ரொம்ப நேரம் பொறுக்க முடியவில்லை.

"இது வளைவா? கோணல்! இங்க குடுங்க" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். நடக்க வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். புயல்கூட அன்று கொஞ்சம் வேகமாக நடந்ததாகக் கேள்வி.

ஒருவழியாக மெஷின் வந்தபோது, மரத்தின் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடிமரத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மெஷின்காரர் தலையைச் சொறிந்தார்.

"இதுல கை வெச்சா நடக்கிறதே வேற" என்று வாத்தியார் முன்னால் வந்து நின்றார்.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்த மெஷினைச் சும்மா அனுப்ப மனசில்லை. வாசல் பக்கம் தலைக்கு மேலே தொங்கும் பட்டுப்போன கிளையைக் காட்டி, "இதை விடுங்க, அதை வெட்டிக் குடுங்க. கேட்டுக் கேட்டு என் வாயே வலிச்சுப்போச்சு" என்றாள்.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து போன். "மேடம், பாதையில இருந்து மரத்தை எடுத்தாச்சா?"

"மரத்துகிட்ட இருந்து பாதையை எடுத்தாச்சு சார்" என்றாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "செலவு ஏதும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்கள்.